‘சவுண்ட் கிளியர்’ ஹெட்போன் காதைக் குத்துதா? புதுசு வாங்க முதல் இதைச் செய்யுங்கள்

கடையில் இரண்டு நிமிடம் போட்டுப் பார்த்து ‘ஆ, நல்ல கிளியர்’ என்று வாங்கின ஹெட்போன் ஒரு கிழமை போக மேசை லாச்சிக்குள் கிடக்கும். கனபேருக்கு நடக்கிறதுதான். மட்டக்களப்பு திருமலை வீதியிலோ கல்முனை பிரதான வீதியிலோ ஒரு போன் கடைக்குள் நின்று கேட்கும்போது வெளியே பஸ்ஸும் ஓட்டோவும் இரைந்துகொண்டே இருக்கும், அந்த இரைச்சலில் அடிச்சத்தம்தான் கூட என்பதால் பாட்டின் பேஸ், அதாவது அடிநாதம், அதற்குள் மூழ்கிப்போகும், மிஞ்சுகிற ட்ரெபிள் (கீச்சென்ற உச்சச் சத்தம்) எந்த ஹெட்போனில் தூக்கலோ அதுதான் அந்த இடத்தில் ‘கிளியர்’ என்று படும். அதையே வீடு அடங்கின பிறகு படுத்துக்கொண்டு கேட்டால் பாடகி சொல்கிற ஒவ்வொரு ‘ஸ’வும் ஊசியாக இறங்கும்.

சரி, உடனே இன்னொன்று வாங்க ஓடவேண்டாம். முதலில் குற்றம் ஹெட்போனிலா என்று பாருங்கள். இவ்வளவு காலமும் பேஸ் அள்ளிப் போட்ட ஹேன்ட்ஸ்ப்ரீ பாவித்தவருக்கு, ஒழுங்கான சமநிலையோடு இருக்கிற எந்த ஹெட்போனும் முதல் இரண்டு மூன்று நாள் மெலிந்ததாகவும் கூர்மையாகவும்தான் தெரியும். பிறகு காது பழகிவிடும். ஐம்பது மணித்தியாலம் பாட விட்டால் ஹெட்போன் தானாகச் சரியாகிவிடும் என்று சொல்வார்களே, அதில் பெரும்பகுதி இந்தப் பழக்கம்தான், மிச்சம் காதில் ஒட்டுகிற பஞ்சு கொஞ்சம் இளகுவது. அதை நம்பித் திருப்பிக் கொடுக்கும் தவணையைக் கடத்திவிடாதீர்கள். ஒரு கிழமைக்குப் பிறகும் காது கூசினால் அது பழகப்போவதில்லை. ஒரு சில பாட்டில் மட்டும் கூசினால் அந்தப் பாட்டின் பதிவையோ, குறைந்த பிட்ரேட்டில், அதாவது மிகவும் சுருக்கிச் சேமித்த, எம்பி3 ஃபைலையோ சந்தேகப்படுங்கள்.

எங்கே குத்துகிறது என்று கண்டுபிடிக்கிறதுதான் அடுத்த வேலை. மனிதக் காது 2,000 முதல் 5,000 ஹேர்ட்ஸ் வரையான சத்தத்துக்குத்தான் மிகவும் கூர்மை (ஹேர்ட்ஸ் என்பது ஒரு செக்கனில் எத்தனை அதிர்வு என்ற கணக்கு, எண் கூடக்கூட சத்தம் கீச்சாகும்), காதுக் குழாயே 3,000 பக்கத்தில் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கிறது. அங்கே ஹெட்போனும் சேர்ந்து தூக்கினால் நாதஸ்வரமும் பெண்குரலின் உச்சமும் முகத்துக்கு நேரே கத்துவது மாதிரி இருக்கும். ‘ஸ’, ‘ச’, ட்ரம்ஸின் ஹை-ஹாட் தட்டு, சல்லரி எல்லாம் சீறுவது 5,000க்கும் 9,000க்கும் இடையில். பழைய கேசட் பதிவின் ‘ஷ்ஷ்’ இரைச்சல் மேலே 10,000 தாண்டியும் பரவியிருக்கும். போனில் டோன் ஜெனரேட்டர் என்று தேடினால் இலவச அப்கள் வரும். ஒன்றைப் போட்டு, சத்தத்தை நன்றாகக் குறைத்து வைத்துக்கொண்டு (இதை மறக்கவேண்டாம், தனிச் சுரம் காதைக் கெடுக்கும்), 2,000ல் இருந்து 10,000 வரை மெல்ல ஏற்றுங்கள். எந்த இடத்தில் சட்டென்று துள்ளி உறைக்கிறதோ அந்த எண்ணைக் குறித்துவையுங்கள். 3,000 பக்கம் கொஞ்சம் உயர்வது இயல்பு. 6,000க்கும் 9,000க்கும் நடுவில் ஒரு துள்ளல் இருந்தால் அதுதான் ஆள்.

காசு செலவில்லாமல் சரிபார்க்க வேண்டியது காதும் பஞ்சும் ஒட்டுகிற இடம். அங்கே சின்ன இடைவெளி விழுந்தாலும் பேஸ் ஒழுகிப் போகும், பேஸ் போனால் மிச்சமெல்லாம் கூர்மையாகத்தான் கேட்கும். மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு அதன் காதுக்கம்பி பஞ்சைத் தூக்கிப் பிடிக்கும். பர்தாவின் மேலால் ஹெட்போன் போடுகிற சகோதரிகளுக்கும் இதே பிரச்சினைதான், அவர்களுக்கு காதுக்குள் வைக்கிற வகையே தோது. காதுக்குள் வைக்கிறதில் பெட்டியோடு வருகிற மூன்று அளவு சிலிக்கன் மூடியில் நடு அளவைப் போட்டுவிட்டு மற்ற இரண்டையும் தொட்டுப் பார்க்காதவர்கள்தான் அதிகம். பெரிய அளவைப் போட்டுப் பாருங்கள், வலது காதுக்கும் இடது காதுக்கும் வேறு வேறு அளவு வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. ஃபோம் மூடி கிடைத்தால் இன்னும் நல்லது, அது ட்ரெபிளில் கொஞ்சத்தைத் தானே உறிஞ்சும். பழைய ஹெட்போன் என்றால் பஞ்சு சப்பையாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். சப்பையானால் ஸ்பீக்கர் காதுக்குக் கிட்ட வந்து சத்தத்தின் சமநிலையே மாறிவிடும்.

இதற்குப் பிறகுதான் ஈக்குவலைசர், அதாவது சத்தத்தின் ஒவ்வொரு பகுதியையும் தனியாகக் கூட்டிக் குறைக்கிற வசதி. இதில்தான் கனபேர் மனம் விட்டுப்போகிறார்கள், அதற்கு நியாயமான காரணமும் இருக்கிறது. பல அண்ட்ராய்ட் போன்களில் வருகிற ஐந்து கோட்டு ஈக்குவலைசரைத் திறந்து பாருங்கள்: 60, 230, 910, 3,600, 14,000 ஹேர்ட்ஸ். காதைக் குத்துகிற 7,000, 8,000 இந்த ஐந்தில் எங்கே? இல்லை. கடைசிக் கோட்டை அடிமட்டத்துக்கு இறக்கினால் பாட்டின் காற்றோட்டம் போகும், குத்து அப்படியே நிற்கும். அதற்கு முந்தியதை இறக்கினால் பாடுகிறவர் போர்வைக்குள் போய்விடுவார். ‘ஈக்யூ வைத்துப் பார்த்தேன், சரிவரவில்லை’ என்பதன் அர்த்தம் பெரும்பாலும் இவ்வளவுதான். எண்ணை நாமே கொடுக்கக்கூடிய பாராமெட்ரிக் ஈக்குவலைசர் வேண்டும். பாட்டுக் கேட்கிறதுக்கு பவராம்ப் பாவித்தால் அதற்குள்ளேயே இருக்கிறது. கணினியில் விண்டோஸ் என்றால் ஈக்குவலைசர் ஏபிஓ இலவசம். அண்ட்ராய்டில் வேவ்லெட் என்ற அப்பில் உங்கள் ஹெட்போனின் பெயரைத் தேடினால், அளந்து வைத்த திருத்தம் ஆயத்தமாகவே கிடைக்கலாம். ஐபோனில் அமைப்புகளுக்குள் மியூசிக் பகுதியில் ‘ட்ரெபிள் ரெடியூசர்’ என்று ஒன்று இருக்கிறது, அது அந்த மியூசிக் அப்புக்கு மட்டும்தான், அதுவும் மொட்டையாக வெட்டும், அவசரத்துக்கு உதவும்.

குறித்துவைத்த எண் 7,500 என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் 4 டெசிபல் குறையுங்கள், வெட்டு எவ்வளவு ஒடுக்கம் என்று சொல்கிற க்யூ அளவை 2 அல்லது 3 என்று வையுங்கள். ‘ஸ’ நிறைய வருகிற ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஈக்குவலைசரை அணைத்தும் போட்டும் கேளுங்கள். போதவில்லையா, 6 வரை போகலாம். அதற்கும் மேலே வெட்டவேண்டி வந்தால் அந்த ஹெட்போனோடு மல்லுக்கட்டுவதில் பிரயோசனமில்லை. சில நேரம் மேலே வெட்டவே தேவையிராது: 150 ஹேர்ட்ஸுக்குக் கீழே 3 டெசிபல் ஏற்றி, மொத்தச் சத்தத்தை அதே 3 குறைத்துவிட்டால் (இல்லாவிட்டால் பேஸ் உடையும்) ட்ரெபிள் தானாக அடங்கினது மாதிரி இருக்கும். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும், குரலின் தெளிவு கெடாது.

பஸ்ஸிலும் ரயிலிலும் கேட்கிறவர்களுக்கு ஒரு விசயம். உதயதேவி ரயிலில் மட்டக்களப்பில் இருந்து கொழும்புக்குப் போகும்போது தண்டவாள இரைச்சல் பேஸை மூடிவிடும், நாம் பேஸைத் தேடிச் சத்தத்தைக் கூட்டுவோம், கூடுவது ட்ரெபிளும் சேர்ந்துதான், வெலிக்கந்தை தாண்ட முதலே தலை வலிக்கும். சத்தம் நீக்குகிற வசதி, அதுதான் நொய்ஸ் கான்சலிங், இந்த அடி இரைச்சலைத்தான் மிக நன்றாகக் குறைக்கும். பயணத்துக்கென்றே வாங்குவதாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட அதற்குக் காசு கொடுங்கள்.

இனி, என்ன பாட்டுக் கேட்கிறீர்கள்? இதைக் கேட்காமல் ‘எந்த ஹெட்போன் நல்லம்’ என்று கேட்பதில் அர்த்தமே இல்லை.

எண்பதுகளின் சினிமாப் பாட்டுத்தான் உயிர் என்றால் ட்ரெபிள் அடங்கின, கொஞ்சம் சூடான சத்தமுள்ளதை எடுங்கள். அந்தப் பதிவுகளில் பேஸ் குறைவு, டேப் இரைச்சல் கூட. கூர்மையான ஹெட்போன் இரைச்சலைத்தான் முதலில் காட்டும். இப்போது வருகிற குத்துப்பாட்டுகள் வேறு மாதிரி, சத்தத்தை நெருக்கி, ட்ரெபிளையும் ஏற்றித்தான் ஏற்கனவே வருகின்றன, அதற்கு மேல் ஹெட்போனும் ஏற்றினால் பத்து நிமிடம் தாங்காது. கர்நாடக சங்கீதம் கேட்கிறவர்கள் மறுபக்கம் கவனமாக இருக்கவேண்டும், ட்ரெபிளை அதிகம் அடக்கினால் வீணையின் மீட்டலும் மிருதங்கத்தின் வலந்தலை நாதமும் மழுங்கிவிடும். மிருதங்கம் நல்ல அளவுகோல் என்பேன். இடப்பக்கத் தொப்பியின் கும்காரமும் வலந்தலையின் ‘நம்’மும் ஒரே ஆள் வாசிப்பதாகக் கேட்கவேண்டும். கூர்மையான ஹெட்போனில் தொப்பி காணாமல் போய் வலந்தலை மட்டும் ‘டிக் டிக்’ என்று மேசையைத் தட்டுகிற மாதிரி நிற்கும், ட்ரெபிள் குறைந்த இருண்ட ஹெட்போனில் தொப்பி எல்லாவற்றையும் மூடும். உண்மையில் அது எப்படிக் கேட்கவேண்டும் என்று தெரியாவிட்டால், கல்லடி சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் மாணவர்களின் நிகழ்ச்சி ஏதும் நடக்கும்போது முன்வரிசையில் போய் இருங்கள்.

கிறாஅத், அதாவது குர்ஆன் ஓதல், கேட்கிறவர்களுக்கு இந்தக் குத்து இன்னும் கூடுதலாகத் தெரியும். பின்னணி வாத்தியம் ஒன்றும் இல்லை, தனிக்குரல், அரபியில் ஸீனும் ஸாதும் ஷீனும் அடிக்கடி வரும், மேலே எதிரொலியும் சேர்த்திருப்பார்கள். 5,000க்கு மேல் அடக்கமான ஹெட்போன்தான் அதற்குச் சரி. கூத்துப் பதிவுகளைப் பற்றிக் கேட்டால், அண்ணாவியாரின் மத்தளத்தை விடச் சல்லரிதான் போன் மைக்கில் ஓங்கி விழும், மத்தளத்தின் அடிநாதம் பதிவிலேயே இல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்த ஹெட்போனாலும் அதைக் கொண்டுவர முடியாது. சல்லரி இருக்கிற இடத்தை ஈக்யூவில் இறக்கிவிட்டு இருப்பதை ரசிக்கவேண்டியதுதான்.

புதியதைத் தேடும்போது விமர்சனங்களில் ‘பிரைட்’, ‘அனலிட்டிக்கல்’, ‘டீட்டெய்ல்ட்’ என்று புகழ்ந்தால் விலகியிருங்கள். ‘வோர்ம்’, ‘ஸ்மூத்’, ‘ரிலாக்ஸ்ட்’ என்றால் கிட்டப் போங்கள். பெட்டியில் ‘ஸ்டூடியோ’ என்று இருந்தால் இரண்டு தரம் யோசியுங்கள்: அவற்றில் பல, பதிவில் உள்ள பிழையைத் துருத்திக் காட்டுவதற்கென்றே செய்தவை. பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோவும் 1991ல் வந்த சோனி எம்டிஆர்-7506ம் வேலைக்கு அருமையான சாமான்கள், ஆனால் இரண்டுமே ட்ரெபிள் தூக்கலுக்குப் பேர்போனவை. மறுபக்கத்தில் 1984ல் இருந்து வருகிற கோஸ் போர்டா ப்ரோ, விலை குறைந்தது, பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி, சத்தமோ இதமானது. சென்ஹைசர் எச்டி 650ஐ ட்ரெபிள் கூசுகிறவர்களுக்குப் பலரும் சொல்வார்கள். அதன் மின்தடை 300 ஓம், அது கூட என்பதால் வெறும் போனில் சத்தம் போதாது, தனி அம்ப்ளிபயர் வேண்டும், திறந்த வகை என்பதால் தலைக்கு மேலே சுற்றுகிற ஃபேன் சத்தமும் உள்ளே வரும். ஆனால் சித்திரை வெயிலில் காது வேர்க்காது, அது சின்ன நன்மையில்லை.

ஒரு ஹெட்போன் எந்த ஹேர்ட்ஸில் சத்தத்தை எவ்வளவு தூக்குகிறது என்று கோடாகக் காட்டுகிற வரைபடத்தைப் பார்க்கத் தெரிந்தால் பாதி ஏமாற்றம் குறையும். ஒலிக்கருவிகள் செய்கிற ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஒலிவ் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஆட்களைக் கேட்கவைத்து, பெரும்பான்மைக்குப் பிடித்த சத்தம் எது என்று ஒரு கோடு வரைந்தார்கள். ஹார்மன் டார்கெட் என்பது அதுதான். அது சராசரி, உங்கள் காதுக்குச் சட்டமில்லை. நீங்கள் செய்யவேண்டியது இப்போது வைத்திருக்கிற ஹெட்போனின் கோட்டையும் வாங்க நினைப்பதன் கோட்டையும் ஒரே ஆள் ஒரே கருவியில் அளந்ததாகப் பார்த்து ஒன்றின்மேல் ஒன்று வைப்பது. புதியதன் கோடு 5,000க்கும் 9,000க்கும் இடையில் தாழ்ந்தும் 200க்குக் கீழே கொஞ்சம் உயர்ந்தும் இருந்தால் உங்களுக்குச் சாதகம். 10,000க்கு மேலே உள்ள மேடு பள்ளங்களை நம்பவேண்டாம், அவை காதுக்குக் காது மாறும்.

வாங்குகிற இடம்தான் நமக்குச் சிக்கல். இங்கே போட்டுக் கேட்கவிடுகிற கடை குறைவு, ‘திறந்தா திருப்பி எடுக்க மாட்டம்’ என்பார்கள், கட்டாரில் இருந்து மச்சான் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுக்க வழியே இல்லை. ஆகவே வாங்க முதல் யாரிடமாவது அதே மொடல் இருக்கிறதா என்று விசாரித்து ஒரு இரவு இரவல் கேளுங்கள். கொழும்பு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா கடைகள் பக்கம் போகிற வேலை வந்தால் உங்கள் பாட்டுகளை உங்கள் போனில் இறக்கிக்கொண்டு போங்கள். கடைக்காரர் போடுகிற பேஸ் அதிர்கிற டெமோப் பாட்டில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும். இரண்டை ஒப்பிடும்போது சத்த அளவைச் சரிசமமாக வையுங்கள், கொஞ்சம் கூடச் சத்தமாக இருப்பதுதான் எப்போதும் நல்லதாகத் தெரியும். பேர்போன மொடல்களின் போலிகள் சந்தையில் தாராளம், அவற்றுக்கும் நீங்கள் பார்த்த வரைபடத்துக்கும் ஒரு தொடர்பும் இருக்காது. விலை நம்பமுடியாத அளவுக்குக் குறைவென்றால் விட்டுவிடுங்கள்.

லாச்சிக்குள் கிடக்கிற பழையதை எறியவேண்டாம். ட்ரெபிள் தூக்கலான ஹெட்போனில் பேச்சு நன்றாக விளங்கும், ஸூம் வகுப்புக்குப் பிள்ளைக்குக் கொடுக்கலாம், வீடியோ எடிட் செய்கிற ஆட்கள் இருந்தால் அவர்களும் வாங்கிக்கொள்வார்கள்.