வீட்டு வெளி வேலைய பெயிண்ட்ல ஆரம்பிக்காதீங்க

வெளிப்பக்கம் வேலை பாக்கலாம்னு முடிவு பண்ணதும் எல்லாருக்கும் முதல்ல கை போறது கலர் கார்டுக்குத்தான். நானும் அப்படித்தான், அடிச்சு முடிச்சு ஒரு மழை பெஞ்சதும் பாத்தா பாரபெட் சுவருக்கு, அதாவது மொட்டை மாடி ஓரத்துல இருக்குற கைப்பிடிச் சுவருக்குக் கீழ பெயிண்ட் கொப்பளம் கொப்பளமா நிக்குது, விரலால அமுக்குனா தண்ணி கசியுது, உரிச்சா வெள்ளையா உப்பு. பெயிண்ட்டத் திட்டிட்டு இருந்தேன், தப்பு மாடியில.

அதனால தண்ணி எங்கருந்து இறங்குதோ அங்கருந்து ஆரம்பிங்க. மொட்டை மாடி வாட்டர்ப்ரூஃபிங், பாரபெட் தலைப்பூச்சு, மழைத்தண்ணி பைப், சன்ஷேடு விரிசல், இதெல்லாம் முதல்ல. வாட்டர்ப்ரூஃபிங் காஞ்சதும் மாடியில தண்ணி கட்டி 24லருந்து 48 மணி நேரம் விட்டுப் பாருங்க, மேஸ்திரி தேவையில்லம்பாரு, நீங்க விடாதீங்க.

அடுத்த தப்பு அவசரப்படுறது. புதுசா பூசுன சுவருக்கு ஒரு வாரமாவது தண்ணி அடிக்கணும், அப்புறம் காயணும், பூசுன நாள்லருந்து 28 நாள் கணக்கு வெச்சுக்கோங்க. பச்ச சிமெண்ட்ல காரம் இருக்கும், மேல அடிக்கிற பெயிண்ட்ட அது சும்மா விடாது, திட்டு திட்டா வெளுத்துடும்.

ஓட்டை போடுற வேலை, வயர், பைப் பதிக்க சுவர்ல காடி வெட்டுற வேலை எல்லாம் பட்டி பாக்குறதுக்கு முன்னாடியே முடியணும். ஜன்னல் மாத்துறது, ஏசி பைப், கேமரா வயர், கேட் லைட்டுக்கு லைன், எல்லாமே. கேமராதானே அப்புறம் மாட்டிக்கலாம்னு விட்டா பெயிண்ட் அடிச்ச சுவர்ல டிரில்லு இறங்கும், அதே கலர் நம்பர் வாங்கி டச்சப் பண்ணாலும் வெயில் பட்ட பழசும் புதுசும் ஒட்டு போட்ட சட்டை மாதிரி தனியாத் தெரியும். சாரமும் ஒரே தடவைதான் கட்டணும், உசரத்துல இருக்குற எதையும் மிச்சம் வெக்காதீங்க.

தரை கடைசிக்குப் போகட்டும். பேவர் பிளாக் போட்ட அப்புறம் மணல் லாரி ஏறுனா தரை அங்கங்க உள்வாங்கிடும். போடுறதுக்கு முன்னாடி டிரைனேஜ் பைப் பாத்துட்டு, கூடவே ஒரு காலி பைப்பும் புதைச்சு வைங்க, பின்னாடி வயர் இழுக்க உதவும். வாட்டம் வீட்ட விட்டு வெளிய பாத்து இருக்கணும். செடி, புல்லு எல்லாம் அதுக்கும் அப்புறம்.

அப்போ பெயிண்ட் தரைக்கு முன்னாடியா பின்னாடியான்னா, மேல் சுவர் முழுசா முடிச்சு சாரத்தப் பிரிச்சிடுங்க, கீழ ரெண்டடிக்கு மட்டும் கடைசி கோட்ட நிறுத்தி வைங்க. தரை வேலையில தெறிக்கிற சேறும் சிமெண்ட் பாலும் அங்கதான் விழும்.