பெண் கேட்டு வந்திருக்கிறார்களா? 'சம்மதம்' சொல்வதற்கு முன் செய்ய வேண்டியவை

உம்மா அலமாரியில் உங்கள் போட்டோவைத் தேடுகிறார். பெரியம்மா போனில் பேசிக்கொண்டிருந்தவர், உங்களைக் கண்டதும் குரலைத் தாழ்த்துகிறார். சம்பந்தம் ஒன்று வந்திருக்கிறது.

"ரெண்டு ரக்அத் இஸ்திகாரா தொழுதுட்டு அல்லாஹ் மேல பாரத்தைப் போடும்மா" என்பார்கள். முடிவெடுக்கும் முன் நல்லதைக் காட்டச் சொல்லி அல்லாஹ்விடம் கேட்கும் தொழுகை அது. நல்ல புத்திமதிதான். ஆனால் பல வீடுகளில் விசாரிக்க வேண்டிய வேலையையும் சேர்த்து இஸ்திகாராவின் தலையில் கட்டிவிடுகிறோம். தங்கைக்கும் மாமி மகள்கள் இருவருக்கும் மாப்பிள்ளை பார்த்தபோது கூடவே இருந்தவள் நான். அதில் கற்றதை, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. முதலில், இப்போது பேசலாமா?

கணவரை இழந்தவருக்கு இத்தா (மறுமணத்துக்கு முன் காத்திருக்கும் காலம்) 4 மாதம் 10 நாள். தலாக் ஆனவருக்கு மூன்று மாதவிடாய்க் காலம். கர்ப்பமாக இருந்தால் பிரசவம் வரை. இத்தா முடியும் முன் நிச்சயம் பேசக் கூடாது. இன்னொருவருக்கு ஏற்கெனவே சம்மதம் சொல்லியிருந்தால், அது முறியும் வரை புதிய பேச்சு இல்லை. சம்மதம் சொல்லாதவரை இரண்டு மூன்று சம்பந்தங்களை ஒரே நேரத்தில் யோசிப்பதில் தவறில்லை.

2. விசாரியுங்கள், வெட்கப்படாதீர்கள்

ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) இத்தா முடித்திருந்த நேரம். முஆவியா, அபூ ஜஹ்ம் என்று இருவர் பெண் கேட்டார்கள். நபி (ஸல்) அவர்களிடம் வந்து யோசனை கேட்டார். அபூ ஜஹ்ம் தோளிலிருந்து தடியை இறக்காதவர், முஆவியா காசு பணமில்லாதவர், நீ உஸாமாவை மணந்துகொள் என்று பதில் வந்தது. ஸஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் உள்ள செய்தி இது. ஒருவரின் கை, இன்னொருவரின் பை, இரண்டையும் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்கள்.

"புறம் பேசுறது பாவம், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று நழுவும் உறவினரிடம் இந்த ஹதீஸைச் சொல்லுங்கள். திருமணத்துக்காக யோசனை கேட்பவரிடம் உண்மையைச் சொல்வது, புறம் பேசுவதில் விலக்குள்ள இடங்களில் ஒன்று என்று ஹதீஸ் அறிஞர் இமாம் நவவி எழுதியிருக்கிறார். ஆனால் கேட்ட விஷயத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

யாரிடம் கேட்பது? ஒருவருக்காக நற்சாட்சி சொல்ல வந்தவரிடம் உமர் (ரலி) கேட்டதாக ஒரு செய்தி உண்டு: நீ அவருக்குப் பக்கத்து வீடா? அவரோடு கொடுக்கல் வாங்கல் செய்தாயா? பயணம் போனாயா? எதுவும் இல்லையென்றால், பள்ளிவாசலில் தலை குனிந்து நிமிர்வதை மட்டும்தான் பார்த்திருக்கிறாய். இதைவிட நல்ல விசாரணைப் பட்டியலை நான் பார்த்ததில்லை.

தங்கைக்கு வந்த மாப்பிள்ளை துபாயில் வேலை. ஊரில் எல்லோரும் "தங்கமான புள்ள" என்றார்கள். அத்தாவின் சிநேகிதர் ஒருவர் மூலம் அவரோடு ஒரே ரூமில் தங்கியிருந்தவரைப் பிடித்தோம். "தொழுவாரா?" என்று அத்தா கேட்கவில்லை, அதற்கு யாரும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. "சமையலுக்கு அவர் முறை வந்தா ஒழுங்கா செய்வாரா? கோபம் வந்தா என்ன பண்ணுவார்? கடன் வாங்கினா திருப்பித் தருவாரா?" என்று கேட்டார். மூன்றாவது கேள்விக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே வரவில்லை. அப்புறம்தான் பதில் வந்தது. அந்தச் சம்பந்தம் அத்தோடு நின்றது.

விசா, சம்பளம், குடும்பத்தை அழைத்துப்போக முடியுமா, முடியாவிட்டால் நீங்கள் யார் வீட்டில் இருப்பீர்கள், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை லீவு: இதெல்லாம் மார்க்கத்துக்கு வெளியே உள்ள கேள்விகள் அல்ல. காயல்பட்டினம் போன்ற ஊர்களில் கல்யாணத்துக்குப் பிறகும் பெண் தாய்வீட்டிலேயே இருப்பது வழக்கம். வேறு ஊர்ச் சம்பந்தமென்றால் இதை முன்கூட்டியே பேசாமல் விட்டுப் பிறகு மனஸ்தாபம் ஆன வீடுகள் உண்டு.

3. பாருங்கள், பேசுங்கள்

முகீரா (ரலி) ஒரு பெண்ணை மணம் பேசியபோது, போய்ப் பார்த்துக்கொள், உங்களுக்குள் இணக்கம் நிலைக்க அது நல்லது என்றார்கள் நபி (ஸல்). பார்க்கும் உரிமை பெண்ணுக்கும் உண்டு. தலையைக் குனிந்து டீ தட்டை நீட்டிவிட்டு வருவது பார்த்ததாகாது. அத்தாவோ அண்ணனோ அதே அறையில் இருக்க, உட்கார்ந்து நீங்களே கேளுங்கள். படிப்பைத் தொடரலாமா, வேலைக்குப் போகலாமா என்பதை அவர் வாயால் கேட்டுவிட வேண்டும். "அதெல்லாம் விடுவாங்க" என்று தரகர் சொல்வது கணக்கில் வராது. நிச்சயம் ஆனாலும் நிக்காஹ் முடியும் வரை அவர் அந்நியர்தான். இரவெல்லாம் நீளும் வாட்ஸ்அப் பேச்சுக்கும் அது பொருந்தும்.

4. இப்போது இஸ்திகாரா

ஃபர்ளு (கட்டாயத் தொழுகை) அல்லாத இரண்டு ரக்அத் தொழுது, பிறகு அதற்குரிய துஆ. அரபு மனப்பாடம் இல்லையென்றால் பார்த்து ஓதலாம். இது என் மார்க்கத்துக்கும் வாழ்வுக்கும் முடிவுக்கும் நல்லதென்றால் எளிதாக்கிக் கொடு, கெட்டதென்றால் என்னைவிட்டு அதையும் அதைவிட்டு என்னையும் திருப்பிவிடு என்பது அதன் சாரம். தொழ முடியாத நாட்களில் துஆ மட்டும் ஓதலாம்.

கனவு வர வேண்டும், பச்சை தெரிந்தால் நல்லது, கறுப்பு தெரிந்தால் கெட்டது என்பதெல்லாம் ஹதீஸில் இல்லை. உங்களுக்காக இன்னொருவர் கனவு கண்டு முடிவு சொல்வதும் இல்லை. ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களைக் கேட்டு வந்தது நபியவர்களின் சம்பந்தமே. அப்போதும், என் இறைவனிடம் கேட்காமல் எதுவும் செய்ய மாட்டேன் என்று தொழ எழுந்துவிட்டார்.

5. வேண்டாம் என்றால்

சொல்லிவிடுங்கள். கன்னிப்பெண்ணின் மௌனம் சம்மதம் என்ற ஹதீஸை எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அது வெட்கத்தால் வரும் மௌனம். அழுதுகொண்டு அறைக்குள் கிடப்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. கன்ஸா பின்த் கிதாம் (ரலி) விருப்பமில்லாமல் தந்தை செய்துவைத்த திருமணத்தை நபி (ஸல்) செல்லாது என்றார்கள். பரீரா (ரலி) தன் கணவர் முகீஸிடமிருந்து பிரிந்தபோது, திரும்பச் சேரலாமே என்று நபியவர்களே சொல்லிப் பார்த்தார்கள். "கட்டளையா?" என்று கேட்டார் பரீரா. இல்லை, பரிந்துரைதான் என்றதும், "அப்படியென்றால் எனக்கு அவர் தேவையில்லை" என்றார். மறுப்பதைச் சீக்கிரம், உங்கள் வலீ (உங்கள் சார்பில் பேசும் பொறுப்பாளர்) மூலம் சொல்லுங்கள். விசாரணையில் தெரிந்த குறைகளை ஊரில் பரப்பாதீர்கள்.

6. மஹர், நிபந்தனை

மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மணக்கொடை. நபியவர்களின் மனைவியருக்குக் கொடுத்த மஹர் 500 திர்ஹம் என்று ஆயிஷா (ரலி) சொல்கிறார்கள். இன்றைய எடையில் சுமார் ஒன்றரை கிலோ வெள்ளி. மஹர் உங்களுக்குச் சேர வேண்டியது, அத்தாவுக்கு அல்ல. ஒரு பவுன் மஹரைத் தஃப்தரில் (நிக்காஹ் பதிவேட்டில்) எழுதிவிட்டு, மறுபக்கம் கைக்கூலியாகப் பல லட்சம் பேசுகிறார்கள் என்றால் கணக்கு தலைகீழாக நிற்கிறது. அந்தக் கைக்கூலி 1961ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டப்படி குற்றமும்கூட.

உடனே தரும் மஹருக்கும் பிறகு தரும் மஹருக்கும் அரபியில் இரண்டு சொற்கள். தமிழில் எழுதினால் இரண்டுமே 'முஅஜ்ஜல்'! அதனால் "கையில் கொடுத்தது", "பாக்கி" என்று தமிழிலேயே எழுதச் சொல்லுங்கள்.

படிப்பு, வேலை, தனிக்குடித்தனம் போன்ற நிபந்தனைகளை எழுத்தில் கேட்கலாம். எது எவ்வளவு கட்டுப்படுத்தும் என்பதில் மத்ஹபுகள் (மார்க்கச் சட்ட மரபுகள்) வேறுபடுகின்றன. அவற்றில் ஒன்றான ஹனஃபியில் தலாக் உரிமையை மனைவியிடம் ஒப்படைக்கும் தஃப்வீள் முறை உண்டு. நிக்காஹ் நடத்தி வைக்கும் உங்கள் ஊர் ஹஜ்ரத்திடம் நிக்காஹுக்கு ஒரு வாரம் முன்பாவது கேளுங்கள். மேடையில் கேட்க முடியாது.

7. கையெழுத்து

அன்றைக்குப் பெண்கள் அறை நிரம்பியிருக்கும். வீடியோக்காரர் லைட்டைத் தூக்கிப் பிடிப்பார். உங்கள் சம்மதம் கேட்க வரும் வகீலும் சாட்சிகள் இரண்டு பேரும் வாசலில் வந்து நிற்பார்கள், தஃப்தர் உங்கள் மடிக்கு வரும். "சீக்கிரம் போடும்மா, ஹஜ்ரத் காத்துட்டிருக்கார்" என்று மாமி விரலால் இடத்தைக் காட்டுவார். பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு, மஹர் கட்டத்தை மட்டும் ஒருமுறை வாசியுங்கள். காலியாக இருந்தால், நிரப்பிவிட்டுக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஹஜ்ரத் காத்திருப்பார்.