பெரியவர்களின் நினைவைப் பதிவு செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டுப் பெரியவர்களின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்யத் தொடங்கும் இளைஞர்களின் பதிவுகளைக் கேட்கும்போது, அதே பழைய பிழைகள் திரும்பத் திரும்பக் காதில் விழுகின்றன. கைப்பேசியில் சார்ஜ் தீர்வது, மின்விசிறியின் இரைச்சல் போன்றவற்றை ஒருமுறை பட்டால் எவரும் திருத்திக்கொள்வர், அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஆண்டு கேட்டு மறித்தல்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். பவானிசாகர் அணைக்காக ஊர் பெயர்ந்த மூதாட்டி ஒருவரை, சத்தியமங்கலம் பக்கத்தில் ஒரு மாணவர் பதிவு செய்தார். வாசல் நிலவுகாலைப் பெயர்த்து உத்திரங்களோடு மாட்டுவண்டியில் ஏற்றியதையும், அம்மிக்கல்லுக்கு வண்டியில் இடமில்லை என்று மாமனாரும் மாமியாரும் சண்டையிட்டதையும் அவர் சொல்லிக்கொண்டிருக்கையில், "ஏனுங் ஆத்தா, அது எந்த வருசமுங்க?" என்று மாணவர் குறுக்கிட்டார். மூதாட்டி தடுமாறி ஓர் ஆண்டைச் சொல்ல, அணை வேலை 1948-இல் தொடங்கி 1955-இல் முடிந்துவிட்டது என்று மாணவர் திருத்தமும் சொன்னார். "எல்லாந் தெரிஞ்ச நீங்களே சொல்லிப்போடுங்க சாமி" என்ற மூதாட்டி, பிறகு கேட்டதற்கு மட்டுமே விடை கூறினார். அம்மிக்கல் வண்டியேறியதா இல்லையா என்பது அந்தப் பதிவில் இல்லை.

அணை கட்டிய ஆண்டு அரசு ஆவணத்தில் கிடைக்கும். அம்மிக்கல் சண்டை கிடைக்காது. கீழ்பவானி வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்தது, மாடு பூட்டிக் கவலை ஓட்டி நீர் இறைப்பதை விட்டுக் கிணற்றில் மோட்டார் வைத்தது, நயா பைசா என்ற புதுக்காசு வந்தது, மூத்த பிள்ளை பிறந்தது என்றுதான் நம் பெரியவர்கள் காலத்தைக் கணக்கு வைத்திருக்கிறார்கள். நயா பைசா வந்தது 1957-இல் என்பதால், அதற்கு முன்பா பின்பா என்று பேச்சு ஓய்ந்தபின் கேட்டால் போதும். சொன்ன ஆண்டு பிழையாகவே இருந்தாலும் பதிவில் கை வைக்காமல், திருத்தத்தைத் தனிக் குறிப்பாக எழுதிக்கொள்ள வேண்டும்.

குடும்பத்தையே கூட்டி உட்கார வைத்தல்

மகனும் மருமகளும் எதிரில் இருந்தால் பாகப்பிரிவினை பற்றி ஒரு சொல்லும் வராது.

எழுத்தில் வடித்தபின் ஒலியை அழித்தல்

கூடவே கூடாது.

பெயரில்லாத கோப்பு

பேசுபவரின் பெயர், ஊர், நாள் ஆகியவற்றைப் பதிவின் தொடக்கத்திலேயே உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள்.

பேசியதையே வெளியிடும் சம்மதமாகக் கொள்ளுதல்

வரப்புத் தகராறும் சாதிச் சண்டையும் கலக்காத ஊர்க்கதை அரிது; அதில் பெயர் அடிபடுவோரின் பேரப்பிள்ளைகள் பெரும்பாலும் அடுத்த தெருவிலேயே இருப்பார்கள். ஆகவே எந்தப் பகுதியை இப்போதே பிறர் கேட்கலாம், எதைத் தம் காலத்துக்குப் பிறகே வெளியிட வேண்டும் என்பதைப் பெரியவரிடமே கேட்டு, அவர் தரும் விடையையும் அதே பதிவில் சேர்த்துவிட வேண்டும்.