பதினைந்தா, ஐம்பதா?

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் முன்பதிவு வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு ஆங்கிலம் வாசிக்கவும் எழுதவும் நன்றாக வரும். தொலைபேசியில் கேட்டால்தான் தடுமாற்றம். ஒருநாள் கொழும்பிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குச் சொன்னார்கள். அவர்கள் சொன்ன 'ஃபிஃப்டீன்' என் காதில் 'ஃபிஃப்டி' என்று விழுந்தது. மீந்துபோன மீன் குழம்புச் சட்டி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

"விளங்காட்டி யெஸ் சொல்லாத தங்கச்சி, கேட்டதைத் திருப்பிச் சொல்லு" என்றார் அங்கிருந்த மூத்த அக்கா. அந்த ஒரு பேச்சுத்தான் என்னைக் காப்பாற்றியது.

அன்றிலிருந்து எண்களைப் பிரித்துச் சொல்வேன்: 'ஒன் ஃபைவ், ஃபிஃப்டீன், கரெக்ட்?' ஃபிஃப்டீனில் அழுத்தம் கடைசி 'டீன்' மேல் விழும். ஃபிஃப்டியில் முதல் 'ஃபிஃப்' மேல். இது காதில் பிடிபட ஒரு மாதம் சென்றது. வாழைச்சேனையில் இருந்து வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பழகினேன்.

பெயர்கள் இன்னும் கஷ்டம். ஆங்கிலத்தில் P, B என்று இரண்டு எழுத்து, நமக்கு 'ப' ஒன்றுதானே! அதனால் விமானிகள் சொல்வதுபோல 'பாப்பா'வா, 'பிராவோ'வா என்று கேட்டுவிடுவேன்.

'ஐ ஹேவ் எ டவுட்' என்பதையும் விட்டேன். வெளிநாட்டவருக்கு அது நம்பிக்கையில்லை என்பதுபோல் படும். 'கேன் ஐ செக் ஒன் திங்?' என்றால் சரி.

போன வாரம் ஒரு அழைப்பு, தர்ட்டியா தர்ட்டீனா என்று தெரியவில்லை. திருப்பிச் சொன்னேன். பதின்மூன்று பேர்.