எக்ஸ்-கதிர் லேசருக்குப் போகும் செப்புப் புரதம்: இங்கேயே நடந்துவிடும் தவறுகள்

உருட்டிய தேயிலைக் கொழுந்து செம்புநிறமாக மாறுவது பொலிபீனோல் ஒட்சிடேசு என்ற நொதியத்தின் வேலை. அதன் நடுவில் இரண்டு செப்பு அயன்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் மூன்று ஹிஸ்டிடின்கள் பிடித்திருக்கும். பேராதனையில் இருந்துகொண்டு இதை எக்ஸ்-கதிர் லேசரில் பார்க்க நினைப்பவர், மாதிரியை இங்கே தயாரித்து ஜப்பானின் சாக்லாவுக்கோ கலிபோர்னியாவின் எல்சிஎல்எஸ்ஸுக்கோ அனுப்பியாக வேண்டும். இலங்கையில் ஒரு சிங்க்ரோட்ரன்கூட (வலுவான எக்ஸ்-கதிர் தரும் துகள் முடுக்கி) இல்லை. ஆகவே அங்கே எக்ஸ்-கதிர்க் கற்றையில் தெரியும் கோளாறுகளில் பல இங்கே மேசையிலேயே உருவானவை.

முதல் தவறு அரைக்கும்போதே நடக்கிறது. சாறு பழுப்பாகாதிருக்க அஸ்கோபிக் அமிலம் சேர்ப்பது வழக்கம். சாறு தெளிவாக இருக்கும், உண்மைதான். ஆனால் அதே அமிலம் +2 ஒட்சியேற்ற நிலைச் செப்பை +1 நிலைக்குத் தாழ்த்திவிடும், நாம் அளக்கப் போவதோ அந்த நிலையைத்தான். பொலிபீனோல்களைப் பிடிக்கக் கரையாத பொலிவைனைல் பொலிபிரோலிடோன் தூளைப் போட்டு, எல்லாவற்றையும் 4 பாகை செல்சியசில் வைத்து வேகமாக முடிப்பது மேல். அமிலம் இல்லாமல் முடியாதென்றால், உப்பு நீக்கும் நிரலில் ஓட்டி அதை முழுதாக அகற்றுங்கள். தாழ்த்திகளான டைதயோத்திரைட்டோல் (டீடீடீ), மேர்கப்டோஎதனோல் இரண்டுக்கும் இதே விதிதான்.

செப்பு எந்த நிலையில் இருக்கிறது என்பதை ஈபிஆர் (சோடியில்லா இலத்திரன்களைக் காட்டும் காந்தத் திருசியம்) மட்டும் வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். ஒட்சியேறிய மெட் வடிவத்தில் இரு செப்புகளின் இலத்திரன் சுழற்சிகள் ஒன்றையொன்று சமன் செய்வதால் சமிக்ஞை வராது. தாழ்ந்த வடிவத்திலும் வராது. அப்படியும் சமிக்ஞை தெரிந்தால் அது பெரும்பாலும் புரதத்தை விட்டுக் கழன்ற செப்பு. மலிவான சோதனை வேறு: மெட் வடிவத்தில் சிறிது ஐதரசன் பேரொட்சைட்டு சேர்த்தால் 345 நானோமீற்றரில் ஒளி உறிஞ்சும் பட்டை எழும். எழாவிட்டால் மாதிரியைப் பொதி செய்யாதீர்கள்.

கழன்ற உலோகம்தான் அடுத்த வில்லன். எக்ஸ்-கதிர் காலற் திருசியத்துக்குப் (செப்பு உமிழும் எக்ஸ்-கதிரை அளப்பது) புரதத்தில் உள்ள செப்பு, கரைசலில் மிதக்கும் செப்பு என்ற பேதம் தெரியாது, எல்லாவற்றையும் கூட்டியே காட்டும். உலோக அளவைத் துல்லியமாக அளக்கும் ஐசிபி-எம்எஸ்ஸில் ஒரு புரதத்துக்கு இரண்டு செப்பு வர வேண்டும். கூடினால் அசுத்தம், குறைந்தால் செப்பில்லாத காலி மையம். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து சரியான எண்ணைக் காட்டுவதும் உண்டு, அதற்குத்தான் மேலே சொன்ன ஈபிஆர் சோதனை. நிக்கல் நிரலில் சுத்திகரித்தவர்கள் நிக்கலையும் அளக்கட்டும். உலோகத்தைப் பிடிக்கும் ஈடிடிஏ அளவுக்கு மீறினால் மையத்துச் செப்பையே உருவிவிடும்.

“பெம்டோ செக்கன் (மிகமிகக் குறுகிய) துடிப்பு, ஆகவே கதிரால் சேதமே இல்லை” என்பது பரவலான நம்பிக்கை. ஒளித்தொகுப்பில் நீரைப் பிளக்கும் மங்கனீசுப் புரதமான ஒளித்தொகுதி II-இல் 2011-இல் ஸ்பிரிங்-8 சிங்க்ரோட்ரனில் கிடைத்த 1.9 அங்ஸ்ட்ரொம் கட்டமைப்பில் மங்கனீசு தாழ்ந்து சில பிணைப்புகள் நீண்டு தெரிந்தன, 2015-இல் சாக்லா தந்த 1.95 அங்ஸ்ட்ரொம் கட்டமைப்பில் அவை குறுகின. லேசரின் பலம் அது. ஆனால் அதே ஆண்டில் பெரடொக்சின் என்ற இரும்புப் புரதத்தின் இரும்புக் கொத்துகளில், கடுமையாகக் குவித்த லேசர் துடிப்பிலும் சேதத்தின் அறிகுறிகள் தெரிந்தன. கற்றையின் வலுவைக் குறைத்து ஒருமுறையாவது ஒப்பிட்டுப் பாருங்கள்.

கணக்கில் விடும் பிழை மாதிரியின் அளவு. புரதத்தின் நுண் பளிங்குகளைக் குழம்பாக்கிக் கற்றைக்குள் பாய்ச்சுவது வழக்கம். திரவத்தாரை நிமிடத்துக்கு 20 மைக்ரோலீற்றர் ஓடினால் 12 மணி நேரத்துக்கு 14.4 மில்லிலீற்றர் பளிங்குக் குழம்பு வேண்டும். பசைபோன்ற ஊடகத்தில் நிமிடத்துக்கு 0.2 மைக்ரோலீற்றர் ஓட்டினால் 144 மைக்ரோலீற்றரே போதும். கொழுந்திலிருந்து எடுக்கும் புரதத்துக்கு இரண்டாவது வழிதான் கட்டுப்படியாகும். குழாய்முனை 75 மைக்ரோமீற்றர் என்றால் 20 மைக்ரோமீற்றர் வடியில் ஓட்டிய பளிங்குகளையே கொடுங்கள், ஒரு பெரிய பளிங்கு அடைத்தாலும் கற்றை நேரம் போய்விடும்.

நுவரெலியா போன்ற உயரத்தில் இராக் குளிரும் கவனிக்க வேண்டியது. 20 பாகையில் வளர வேண்டிய பளிங்குகளை மூடிய அறை மேசையில் விடாமல் வெப்பநிலை காக்கும் பெட்டியில் வையுங்கள்.

கட்டுநாயக்க விமான நிலையம் வரை போகும் பொதியில் உலர்பனி வைத்தால் மூடிகளைச் சுற்றிப் பரபிலிம் (இழுபடும் மெழுகுத் தாள்) இறுகச் சுற்றுங்கள். காபனீரொட்சைட்டு உள்ளே புகுந்து பீஎச்சை இறக்கிவிடும். உறைய வைக்காத குழம்பை உலர்பனியோடு அனுப்பவே கூடாது. அதே தொகுதியில் சிறிது மாதிரியை இங்கேயே வைத்திருந்து, கற்றை முடிந்த நாளில் 345 நானோமீற்றர் சோதனையை மறுபடி செய்யுங்கள்.