ஜிபூட்டியிலிருந்து சோமாலிலாந்துக்குத் தரைவழிப் பயணம்: முதலில் திரும்பும் வழியைப் பாருங்கள்

2024 ஜனவரியில் நான் போன பாதை இது: மும்பை, அடிஸ் அபாபா, கிழக்கு ஆப்பிரிக்காவின் சின்ன நாடான ஜிபூட்டி, அங்கிருந்து ஜீப்பில் சோமாலிலாந்தின் தலைநகர் ஹர்கேசா, அப்புறம் அதன் துறைமுக ஊர் பெர்பெரா. பன்னிரண்டு நாள். போவதற்கு முன் ஒரு மாதம் இணையத்தைக் குடைந்தேன். எந்த ஏரி அழகு, எந்த ஊரில் என்ன மீன் என்றெல்லாம் கிடைத்தது. எந்தக் காகிதத்தை எந்த வரிசையில் வாங்க வேண்டும் என்பது மட்டும் கிடைக்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. பாஸ்போர்ட் எடுப்பது, விமான டிக்கெட் தேடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: வெளியேறும் ஊரை முடிவு செய்யுங்கள்

நான் சறுக்கிய இடம் இது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மும்பையிலிருந்து ஜிபூட்டிக்குப் போகவர டிக்கெட் எடுத்தேன். ஜிபூட்டி விசா இணையத்திலேயே கிடைக்கிறது, அதையும் எடுத்தேன். தரைவழியாகச் சோமாலிலாந்து போய்விட்டு அதே வழியில் திரும்பி வந்து விமானம் ஏறுவது என் திட்டம். லோயாதா எல்லையில் வெளியேறும் முத்திரை குத்தும்போது அதிகாரி கேட்டார்: "திரும்பி வருவீர்களா?" ஆமாம் என்றேன். அவர் விசா தாளில் ஒரு வரியை விரலால் தொட்டுக் காட்டினார். ஒற்றை நுழைவு. நான் ஏற்கெனவே ஒருமுறை நுழைந்தாகிவிட்டது.

முத்திரை குத்தியாயிற்று, பின்னால் போக முடியாது. சரி, ஹர்கேசாவிலிருந்து அடிஸுக்குத் தனி டிக்கெட் எடுத்து அங்கே என் பழைய டிக்கெட்டில் தொற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதுவும் நடக்கவில்லை. திரும்பும் பயணத்தின் முதல் துண்டில், அதாவது ஜிபூட்டியிலிருந்து அடிஸ் வரையிலானதில், ஏறாவிட்டால் மீதித் துண்டும் தானாக ரத்தாகிவிடும். மும்பை வரை புது டிக்கெட் எடுத்தேன். அந்தத் தொகையை இங்கே எழுதினால் வீட்டில் படித்துவிடுவார்கள்.

ஆகவே ஜிபூட்டியில் இறங்கி ஹர்கேசாவில் ஏறும்படி ஒரே டிக்கெட்டாக எடுங்கள். விமான நிறுவனங்களின் தளத்தில் 'பல நகரங்கள்' என்ற தெரிவில் இது கிடைக்கும். விலையும் பெரும்பாலும் பெரிதாகக் கூடாது.

படி 2: விசாக்கள்

ஜிபூட்டிக்கு இணைய விசா, அவ்வளவுதான்.

சோமாலிலாந்து விஷயம் வேறு. 1991 மே 18 அன்று சோமாலியாவிலிருந்து பிரிந்து தன்னைத் தனி நாடாக அறிவித்துக்கொண்ட பகுதி அது. சொந்தப் பணம், சொந்தக் காவல்துறை, தேர்தல் எல்லாம் உண்டு. உலக நாடுகளில் பெரும்பாலானவை இன்னும் அங்கீகரிக்கவில்லை. ஆகவே சோமாலியாவின் விசாவுக்கும் சோமாலிலாந்துக்கும் சம்பந்தமில்லை. நான் போனபோது விமானத்தில் வருபவர்களுக்கு ஹர்கேசாவில் இறங்கியதும் கொடுத்தார்கள். தரைவழியாகப் போகிறவர்கள் அதை நம்பிப் போகக் கூடாது. அப்போது ஜிபூட்டி நகரிலேயே சோமாலிலாந்துக்கு ஓர் அலுவலகம் இருந்தது. இப்போதும் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, காலையில் போய் வாங்கிவிடுங்கள்.

காலையில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நண்பகல் வாக்கில் எத்தியோப்பியாவிலிருந்து காட் இலை வந்து சேரும். மெல்லும் இலை, லேசான கிறக்கம் தரும், அங்கே சட்டப்படி விற்கிறார்கள். அது வந்தபின் ஊரே நிழலில் சாய்ந்துவிடும். பிற்பகலில் எந்த வேலையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

*பின்சேர்க்கை:* படித்த ஒருவர் கேட்டதால் இது. 2025 செப்டம்பரிலிருந்து சோமாலியா அரசு மின்விசாவைக் கட்டாயமாக்கியது. சோமாலிலாந்து அதை ஏற்கவில்லை. இடையில் மாட்டிக்கொள்வது பயணிதான்: ஒன்றுக்கு இரண்டாகப் பணம் கட்ட வேண்டிவரலாம். டிக்கெட் எடுப்பதற்கு முன் விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: மஞ்சள் காய்ச்சல் அட்டை

ஜிபூட்டிக்கு இது எதற்கு என்று தோன்றும். சிக்கல் ஜிபூட்டியில் இல்லை, அடிஸ் அபாபாவில். எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் நாடுகள் பட்டியலில் இருக்கிறது. அங்கே விமான நிலையத்தை விட்டு வெளியே வந்துவிட்டு, ஊசி போட்ட அட்டை இல்லாமல் ஆறு நாளுக்குள் இந்தியா திரும்பினால் தனிமைப்படுத்துவார்கள். அடிஸில் இணைப்பு விமானத்துக்கு இரவு முழுக்கக் காத்திருக்க நேர்ந்தால் விமான நிறுவனமே ஹோட்டலில் தங்க வைக்கும். இலவச அறை என்று சந்தோஷமாக வெளியே போனால் கணக்கு மாறிவிடும்.

ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும். அதன்பின் ஆயுள் முழுக்க. எல்லா மருத்துவமனையிலும் போடமாட்டார்கள், அரசு அனுமதித்த மையங்களில்தான். நான் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டேன்.

படி 4: டாலர்

புது நோட்டு வேண்டும். 2013இல் வெளிவந்த, நடுவில் நீலப் பட்டை ஓடும் 100 டாலர் நோட்டாகப் பார்த்து வாங்குங்கள். மடிப்பு, பேனாக் கிறுக்கல், ஓரத்தில் கிழிசல் எதுவும் ஆகாது. என்னுடைய ஒரு நோட்டில் வங்கிக்காரர் யாரோ பென்சிலால் எழுதிய எண் இருந்தது. மூன்று கடையில் திருப்பிக் கொடுத்தார்கள். இடுப்பில் கட்டும் பணப்பையைப் பலரும் பரிந்துரைப்பார்கள், எனக்குப் பிடிக்காது. வியர்வையில் நோட்டு நனைந்து மடிந்துவிடும். பழைய டைரிக்குள் தட்டையாக வைத்துப் பையின் அடியில் போட்டேன்.

ஜிபூட்டி பிராங்க் டாலரோடு கட்டப்பட்ட பணம், ஒரு டாலருக்கு 177 சொச்சம். அதனால் பேரத்துக்கு இடமே இல்லை. ஏடிஎம் வேலை செய்யும்.

ஹர்கேசாவில் பணம் மாற்றுகிறவர்கள் நடைபாதையில் ஷில்லிங் கட்டுகளைச் செங்கல் மாதிரி அடுக்கி உட்கார்ந்திருப்பார்கள். முதல் நாள் ஆசையாக ஐம்பது டாலரை மாற்றினேன். பணத்தைச் சுமக்கப் பை தேவைப்பட்டது. பத்து டாலர் மாற்றினால் டீக்கும் ஆட்டோவுக்கும் போதும். மற்ற எல்லாவற்றுக்கும் டாலரே ஓடும். உள்ளூர்க்காரர்கள் இரண்டையும் தொடுவதில்லை. 2009இல் வந்த ஸாட் என்ற கைபேசிப் பணம்தான் அவர்களுக்கு. இணையம் வேண்டாம், பழைய பட்டன் போன் போதும். தள்ளுவண்டிக்காரரும் தன் எண்ணைப் பலகையில் எழுதி வைத்திருப்பார்.

படி 5: ஜிபூட்டியில் இரண்டு நாள் போதும்

ஊர் சின்னது, விலை பெரிது. அமெரிக்கா, பிரான்ஸ், ஜப்பான், சீனா, இத்தாலி என்று பல நாட்டுப் படைத்தளம் இருக்கும் ஊரில் ஹோட்டல் வாடகை அப்படித்தான் இருக்கும். துறைமுகத்தையும் படைத்தளத்தையும் படமெடுக்காதீர்கள். 2015இல் ஏமனில் மாட்டிய இந்தியர்களை நம் கடற்படை கப்பலில் ஏற்றி வந்து இறக்கியது இதே துறைமுகத்தில்தான்.

அஸ்ஸால் ஏரிக்குக் கட்டாயம் போங்கள். கடல்மட்டத்துக்கு 155 மீட்டர் கீழே, ஆப்பிரிக்காவிலேயே தாழ்ந்த இடம். பேருந்து கிடையாது. ஓட்டுநரோடு வண்டி எடுக்க வேண்டும், ஹோட்டலில் வேறு பயணிகள் இருந்தால் சேர்ந்து போனால் செலவு பாதியாகும். உப்புப் பாறை காலைக் கிழிக்கும், ரப்பர் செருப்பு போட்டே தண்ணீரில் இறங்குங்கள். கழுவிக்கொள்ள ஐந்து லிட்டர் நல்ல தண்ணீர் தனியாகக் கொண்டுபோங்கள். நான் மறந்துவிட்டேன். ஊர் திரும்பும் வரை சட்டை அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டிருந்தது.

நவம்பரிலிருந்து ஜனவரி வரை தாஜூரா வளைகுடாவுக்குத் திமிங்கலச் சுறாக்கள் வரும். எனக்கு நீச்சல் வராது, அதனால் அதைப் பற்றி எழுதப் போவதில்லை. கோடையில் போகவே போகாதீர்கள், பெர்பெராவிலும் நாற்பது டிகிரிக்கு மேல் காயும்.

படி 6: இரவு ஜீப்

ஜிபூட்டியிலிருந்து ஹர்கேசாவுக்குப் பலர் சேர்ந்து போகும் லேண்ட் குரூசர் ஜீப்புகள் பிற்பகலில் கிளம்பி லோயாதாவில் எல்லை தாண்டும். அங்கிருந்து இரவெல்லாம் பாலைவனத்தில் ஓட்டம். வெயிலுக்குப் பயந்துதான் இரவு. பெரும்பகுதிக்குச் சாலை என்று சொல்ல எதுவும் இல்லை, சக்கரத் தடம்தான். மறுநாள் காலை அல்லது நண்பகலில் போய்ச் சேரும்.

முன் இருக்கைக்குக் கூடுதலாகக் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். பின்னால் முழங்காலும் முழங்காலும் உரசும். என் ஓட்டுநர் கன்னம் புடைக்கக் காட் மென்றுகொண்டே விடியும்வரை ஓட்டினார். முதலில் பயமாக இருந்தது. இரண்டு மணிக்கு, அவர் மட்டும்தான் வண்டியில் முழு விழிப்பாக இருந்தார் என்று தெரிந்ததும் பயம் போய்விட்டது.

தலைக்கும் மூக்குக்கும் சேர்த்துக் கட்டப் பருத்தித் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள், நம் ஊர்த் துண்டே போதும். வரைபடத்துக்கு ஆர்கானிக் மேப்ஸ் செயலியில் முன்பே இறக்கி வையுங்கள். இணையம் இல்லாத இடத்தில் கூகுளை விட எனக்கு இது கைகொடுத்தது.

வியாழக்கிழமை மட்டும் ஏறாதீர்கள். நான் ஏறினேன். வெள்ளிக்கிழமை ஹர்கேசாவில் இறங்கினால் எல்லா அலுவலகமும் பூட்டு, அடுத்த படிக்கான சீட்டை வாங்க முடியாமல் ஒரு நாள் போயிற்று. அந்த நாளில் நடு ஊரில் இருக்கும் மிக் விமான நினைவுச்சின்னத்தைப் பார்த்தேன். 1988இல் அப்போதைய சோமாலிய அதிபர் சியாத் பர்ரேயின் விமானப்படை இந்த ஊரின் மீது குண்டு போட்டது. அந்த விமானங்கள் கிளம்பியதே இதே ஊரின் விமான நிலையத்திலிருந்து.

படி 7: லாஸ் கீல், பெர்பெரா

லாஸ் கீல் குகை ஓவியங்களுக்குச் சுற்றுலா அமைச்சகத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். ஊருக்கு வெளியே போக ஆயுதம் ஏந்திய காவலர் ஒருவரையும் கூட்டிப் போகச் சொன்னார்கள். இரண்டையும் ஹோட்டலிலேயே ஏற்பாடு செய்வார்கள், தனியாக அலைய வேண்டாம். சோதனைச் சாவடியில் சீட்டின் நகல் கேட்பார்கள், நாலு பிரதி எடுத்து வையுங்கள்.

ஹர்கேசாவிலிருந்து பெர்பெரா சாலையில் சுமார் ஐம்பது கிலோமீட்டர், அப்புறம் மண் பாதை. 2002இல் பிரெஞ்சு ஆய்வுக் குழு வந்த பிறகுதான் வெளியுலகத்துக்குத் தெரிந்தது, மேய்ப்பர்களுக்கு எப்போதோ தெரியும். பெயருக்குப் பொருள் ஒட்டகங்கள் நீர் குடிக்கும் இடம். பாறையில் இருப்பதோ மாடுகள். கழுத்தில் சிவப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக அலங்காரம், மாட்டுப்பொங்கலுக்குக் குளிப்பாட்டி நிறுத்திய மாதிரி. பல ஆயிரம் வருடப் பழசு. காலை எட்டு மணிக்கே போய்விடுங்கள், வெயில் ஏறினால் பாறை சுடும்.

அங்கிருந்து திரும்பி வராமல் அதே வண்டியில் பெர்பெரா போய் ஓர் இரவு தங்குங்கள். கடற்கரையில் மனித நடமாட்டமே இல்லை. கிழக்கே லாஸ் அனோத் பக்கம் போகவே கூடாது, 2023இல் அங்கே பெரிய சண்டை நடந்தது.

கேட்கப்பட்ட மற்றவை

பெண்கள் தனியாகப் போகலாமா என்று இருவர் கேட்டார்கள். ஹர்கேசா ஹோட்டலில் தனியாக வந்த பெண்ணைச் சந்தித்தேன், தலையை மூடும் துணியும் நீளப் பாவாடையும் போட்டிருந்தார், சிரமமில்லை என்றார். மது அங்கே அறவே கிடையாது.

சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டாம். காலையில் லஹோஹ் என்று புளித்த மாவில் ஊற்றுவார்கள், ஒரு பக்கம் மட்டும் வெந்த ஆப்பம்தான் அது. மாலையில் பஜியே, பெயரைக் கேட்டாலே தெரியும். ஏலக்காயும் பட்டையும் போட்ட பால் டீ. சோற்றுக்கு வாழைப்பழம் தொட்டுக்கொள்ளச் சொல்வார்கள், மறுக்காதீர்கள்.

மிச்ச ஷில்லிங்கை விமான நிலையத்துக்குப் போகும் முன்பே செலவழித்துவிடுங்கள், எல்லைக்கு அப்பால் யாரும் வாங்கமாட்டார்கள். என்னிடம் ஒரு கட்டு மிஞ்சியது. மகள் கடை விளையாட்டுக்கு எடுத்துக்கொண்டாள்.