ஏஐ எக்ஸ்ரே வண்டி ஊருக்குள் வருமுன்

ஏஐ எக்ஸ்ரே வண்டியை ஊர் ஊராகக் கொண்டுபோய் முகாம் நடத்த, களப்பணிக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் எழுதும் திட்ட அறிக்கைகளைப் படித்தால், ஒரு காலத்தில் நாங்கள் எழுதிய அதே அசட்டு வரிகள். கரண்ட் இருக்கா, சிக்னல் இருக்கா என்பதையெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள், விடுகிறேன்.

கம்பெனி சொன்ன சதவீதத்தை அப்படியே எழுதுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். எக்ஸ்ரே படத்தை மென்பொருளே பார்த்து, காசநோய் சந்தேகம் உண்டா என்று சொல்லும் இந்த ஏஐ எக்ஸ்ரே நல்ல கருவிதான். 15 வயது முதல் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. இந்தியாவில் 2019-21இல் நடந்த தேசியக் காசநோய் ஆய்வில் கண்டுபிடித்த நோயாளிகளில் 42 சதவீதத்துக்கும் மேலானவர்கள், எக்ஸ்ரே எடுக்காவிட்டால் கண்ணில் படாமலே போயிருப்பார்கள். சரி, இப்போது கணக்குக்கு வாருங்கள். மெஷின் நோயாளிகளில் 90 சதவீதம் பேரைப் பிடிக்கும், நோயில்லாதவர்களில் 70 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடும் என்று வைத்துக்கொள்வோம், கேட்க ஜோராக இருக்கிறது. அதே ஆய்வின்படி 15 வயது முதலானவர்களில் லட்சம் பேருக்குச் சுமார் 316 பேருக்குத்தான் நுரையீரல் காசநோய், அதாவது ஆயிரம் பேர் வரும் முகாமில் மூன்று பேர். நோயே இல்லாத கிட்டத்தட்ட 300 பேரை மெஷின் சந்தேகப் பட்டியலில் போட்டுவிடும்! அத்தனை பேருக்கும் யார் சளி பார்ப்பது?

ஒரு முகாமில் செங்கல் சூளை அண்ணன் ஒருவர், எப்போதோ டிபி வந்து மாத்திரையை முழுசாக முடித்தவர். நுரையீரலின் மேல்பகுதியில் பழைய தழும்பு, திரையில் சிவப்பு. எங்கள் பையன் வரிசையில் நின்ற எல்லோர் முன்னாலும் "உங்களுக்கு டிபி சந்தேகம்ணே" என்று சொல்லிவிட்டான். சளியில் ஒன்றுமில்லை என்று முடிவு வருவதற்குள் மேஸ்திரி அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். பழைய தழும்புக்காரர்களிடமும் வயதானவர்களிடமும் இந்த மென்பொருள்கள் அதிகம் தடுமாறும் என்பது வங்கதேசத்தின் டாக்காவில் நடந்த ஆய்விலேயே வெளிவந்த விஷயம்.

அதனால் கம்பெனி வைத்த கட்ஆஃபை, அதாவது மெஷின் எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் போனால் சந்தேகம் என்று சொல்லும் அந்த எல்லையை, அப்படியே விடாதீர்கள். மாவட்டத்தில் ஒரு நாளைக்கு எத்தனை சளி பார்க்க முடியும் என்று லேப் டெக்னீசியனிடம் முதலில் கேளுங்கள். கட்ஆஃபை ஏற்றினால் வீண் அலைச்சல் குறையும், ஆனால் அந்த மூன்று பேரில் ஒருவர் தப்பிவிடலாம். எது பரவாயில்லை என்பதை மெஷின் விற்கிறவர் தனியாக முடிவு செய்யக் கூடாது.

யாரிடம் சோதித்தார்கள் என்று கேட்காதது

கொரோனாவில் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு சதவீதம் என்று பார்க்க வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிய ஆக்சிமீட்டரையே எடுங்கள். ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டியபோதும் ரத்தத்தில் உண்மையில் 88க்குக் கீழே இருந்தது வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம் என்று மிச்சிகன் ஆய்வு 2020இல் காட்டியது. அவ்வளவு காலம் விற்ற பிறகு! அதனால் இந்த ஏஐ மெஷினையும் யாரிடம் சோதித்தார்கள் என்று முதலிலேயே கேளுங்கள்.

கையெழுத்து

படிவத்தில் கையெழுத்து வாங்கியாச்சு என்பது சம்மதம் இல்லை.

முகாம் நேரம்

காலை பத்து மணிக்கு வைத்தால் கூலிக்குப் போகிறவர் யாரும் வரமாட்டார்.